அந்தச் சாலை யாருக்காக

மெக்சிகோ வளைகுடாவில் புயல் ஒன்று உருவாகி, அது போகக்கூடிய பாதையைக் காட்டும் கூம்பு வரைபடத்துக்குள் ஹூஸ்டன் நகரமும் வந்துவிட்டதென்றால், எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதான்: கிளம்புகிறீர்களா, இருக்கிறீர்களா? மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடும். எங்கள் நேரப்படி இரவு 10 மணிக்கு வரும் அறிக்கையைப் பார்க்காமல் அந்த நாட்களில் யாரும் படுக்கப் போவதில்லை. ஊரில் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு அழைக்கும் உறவினர்களுக்கு இதில் கேள்வியே கிடையாது. "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பிடு" என்பார்கள். அந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்னும் புறநகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருந்து, ரீட்டா, ஐக், ஹார்வி, பெரில் என்று ஒவ்வொரு புயலின்போதும் இதற்கு விடை தேடியவன் என்ற முறையில், கடலிலிருந்து தள்ளி வாழும் எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலான புயல்களுக்குக் கிளம்பக் கூடாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நாங்கள் கிளம்பினால், கட்டாயம் கிளம்பியே ஆகவேண்டிய வேறொரு குடும்பத்தின் காருக்கு முன்னால் எங்கள் கார் நிற்கும்.

2005 செப்டம்பரில் வந்த ரீட்டாவைத் தெரிந்துகொள்ளாமல் ஹூஸ்டன் மக்களின் மனத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதற்கு நான்கு வாரங்களுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்புதான், ஆகஸ்ட் 29 அன்று, கத்ரீனா கரையைக் கடந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். வீட்டுக் கூரைகளின்மேல் நின்று உதவிக்காகக் கையசைத்த மக்களை நாடே பார்த்திருந்தது. அங்கிருந்து தப்பி வந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் எங்கள் ஊர் ஆஸ்ட்ரோடோம் அரங்கில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். அந்தக் காட்சிகள் கண்ணைவிட்டு அகலுவதற்குள் ரீட்டா வளைகுடாவின் நடுவே, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகைப் பட்டியலில் உச்சமான 5ஆம் வகைப் புயலாக, மணிக்கு 180 மைல் வேகக் காற்றோடு, ஹூஸ்டனை நோக்கி வருகிறது என்ற கணிப்பு வந்தது. கால்வெஸ்டன் தீவும் கடலோர ஊர்களும் முதலில், அவற்றை அடுத்துள்ள மண்டலங்கள் பிறகு என்று படிப்படியாக மக்களை வெளியேற்றுவதற்குத் திட்டம் இருந்தது. ஆனால் காத்திருக்கும் மனநிலையில் யாரும் இல்லை. 25 லட்சம் முதல் 37 லட்சம் வரை என்று பின்னாளில் மதிப்பிடப்பட்ட மக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாலைக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் கணிசமானவர்கள், வெளியேறும்படி யாரும் சொல்லாத பகுதிகளில் வாழ்ந்தவர்கள்.

ஹூஸ்டனிலிருந்து டல்லஸ் நகரத்துக்கு ஏறத்தாழ 240 மைல். மற்ற நாட்களில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். ரீட்டாவின்போது ஒரு முழு நாளுக்கு மேல் ஓட்டியவர்கள் ஏராளம். வெயில் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. வழியிலுள்ள நிலையங்களில் பெட்ரோல் தீர்ந்துபோனது. பெட்ரோலை மிச்சப்படுத்த ஏசியை அணைத்துவிட்டு, கதவுகளைத் திறந்துபோட்டுக்கொண்டு, நடக்கும் வேகத்தில் கார்கள் ஊர்ந்தன. எதிர்த்திசைத் தடங்களையும் வெளியேறுவோருக்குத் திறந்துவிடும் ஏற்பாடு மிகத் தாமதமாகத்தான் நடந்தது. செப்டம்பர் 23 அதிகாலையில், ஹூஸ்டன் பகுதி முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து நடக்க இயலாத முதியவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து டல்லஸுக்குச் சற்று முன்னால், வில்மர் என்ற ஊருக்கு அருகில் தீப்பிடித்தது. பின்சக்கரப் பகுதியின் பேரிங்கில் போதிய மசகு இல்லாததால் சூடேறிப் பற்றிய தீ அது. உள்ளே நோயாளிகளுக்கான ஆக்சிஜன் உருளைகளும் இருந்தன. 23 பேர் இறந்தார்கள். ரீட்டாவை ஒட்டி டெக்சஸில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காற்றாலும் நீராலும் நேரடியாக இறந்தவர்கள் அவர்களில் மிகச் சிலர். பெரும்பாலோரை வெப்பமும், விபத்தும், வழியிலேயே முற்றிய நோயும் கொண்டுபோயின. புயலோ கடைசி நேரத்தில் கிழக்கே விலகி, செப்டம்பர் 24 விடியலில் டெக்சஸ், லூசியானா மாநிலங்களின் எல்லையருகே கரையைக் கடந்தது. ஹூஸ்டனில் மரக்கிளைகள் ஒடிந்தன, மின்சாரம் போனது, அவ்வளவுதான்.

எங்கள் நண்பர் ஒருவர் அப்போது கிளியர் லேக்கில் குடியிருந்தார். அது கால்வெஸ்டன் விரிகுடாவை ஒட்டிய தாழ்வான பகுதி, விண்வெளி மையம் இருக்கும் இடம். அவர் வெளியேறத்தான் வேண்டும். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. இரு குழந்தைகளோடு, ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு வியாழக்கிழமை காலையில் கிளம்பியவர், விடிய விடிய ஓட்டியும் ஹூஸ்டனுக்கு 40 மைல் வடக்கே உள்ள கான்ரோவைத் தாண்ட முடியவில்லை. மாமனாருக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் வைத்திருந்த பெட்டியில் ஐஸ் உருகித் தண்ணீரானதும், அருகில் நின்ற காரிலிருந்த முன்பின் அறியாத பெண்மணி ஒருவர் தன் பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளிக் கொடுத்ததைப் பற்றி நண்பர் இப்போதும் பேசுவார். துண்டை நனைத்து மாமனாரின் கழுத்தில் போட்டு, அது காய்ந்ததும் மறுபடி நனைத்து, அப்படியே அந்த இரவைக் கடத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற கார்களில் எத்தனை கார்கள் கேட்டியிலிருந்தும், அதைப்போலவே கடலிலிருந்து தள்ளியுள்ள புறநகரான சுகர்லேண்டிலிருந்தும் வந்தவை என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. நாங்கள் அப்போது கிளம்பவில்லை. மனைவிக்குக் குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் அந்தச் சாலையில் கால் வைப்பதையே எங்களால் யோசிக்க முடியவில்லை.

ரீட்டாவுக்குப் பிறகு இந்தப் பகுதியின் நிர்வாகங்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை, வெளியேற்ற மண்டலங்களை அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்து வகுத்ததுதான். கடலோரம், அடுத்து ஏ, பி, சி என்று நிறம் பூசிய ஒரே ஒரு வரைபடம். நம் முகவரியின் கடைசியில் இருக்கும் ஐந்து இலக்கங்களைத் தேடினால் நாம் எதில் இருக்கிறோம், அல்லது எதிலும் இல்லையா என்பது தெரிந்துவிடும். கிளியர் லேக், சீபுரூக் போன்ற விரிகுடாப் பக்கத்து ஊர்கள் அதற்குள் வருகின்றன. கேட்டியும் சுகர்லேண்டும் வரவில்லை. சொந்த வாகனம் இல்லாதவர்களும், படுக்கையில் இருப்பவர்களும் 211 என்ற எண்ணை அழைத்து முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். வீடு வாங்கும்போது பள்ளிக்கூடத்தின் தரவரிசையை இரவு பகலாக ஆராயும் நம் மக்கள் இந்த வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். புயல் மூன்று நாள் தொலைவில் இருக்கும்போது எழும் குழப்பத்தில் பாதி, தன் வீடு எந்த மண்டலம் என்பதே தெரியாததால் வருவது.

அந்த மண்டலங்கள் நீரை வைத்து வகுக்கப்பட்டவை, காற்றை வைத்து அல்ல. செய்திகளில் புயலின் வகை எண் பெரிதாகக் காட்டப்படுவதால் பலரும் காற்றைத்தான் அஞ்சுகிறார்கள். 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக இறந்தவர்களைக் கணக்கெடுத்து ஆராய்ந்ததில், பத்தில் ஒன்பது பேர் நீரால் இறந்திருக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேரைப் புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல்நீரே கொன்றிருக்கிறது. ஆகவே கடல்நீர் வரும் இடத்தைவிட்டு அகல வேண்டும். காற்று மட்டுமே வரும் இடத்தில், உறுதியான வீட்டில், சன்னலில்லாத உள்ளறையில் ஒதுங்க வேண்டும். இங்கே பேரிடர்த் துறையினர் ஆண்டுதோறும் சொல்லும் அடிப்படைப் பாடம் இதுவே. ஓடு வேய்ந்த பழைய வீட்டிலோ சக்கரம் பொருத்திய நகரும் வீட்டிலோ வாழ்பவர்களுக்குக் காற்றே போதும். அவர்கள் எந்த மண்டலத்தில் இருந்தாலும் கிளம்ப வேண்டியவர்கள்தான்.

வகை எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஐக் புயலைவிடக் கொடிய சான்று தேவையில்லை. 2008 செப்டம்பர் 13 அதிகாலையில் கால்வெஸ்டனில் கரையேறிய ஐக், காற்றளவில் 2ஆம் வகைதான். ஆனால் அதன் பரப்பு மிகப் பெரியது. அது கரையேறுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே, இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே, கடல் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கிவிட்டது. கால்வெஸ்டனுக்குக் கிழக்கே போலிவர் என்ற குறுகிய நிலநாக்கு இருக்கிறது. அதிலிருந்து வெளியேற நிலவழியாக இருந்த ஒரே நெடுஞ்சாலையை அந்த முன்னோட்ட நீர் மூடிவிட்டது. மதியம் கிளம்பலாம், காற்று தொடங்கட்டும் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்குச் சாலையே இல்லாமல் போனது. ஹெலிகாப்டர்கள் வந்து பலரைத் தூக்கிச் சென்றன. அன்றிரவு போலிவரில் 15 அடிக்கு மேல் கடல் ஏறியது. கில்கிறிஸ்ட் என்ற சிற்றூரில் வரிசை வரிசையாக இருந்த வீடுகள் துடைத்தெடுக்கப்பட்டு, ஒரே ஒரு மஞ்சள் வீடு மட்டும் தனியே நிற்கும் வான்வழிப் படத்தை அப்போது பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயலுக்கு முன்பே தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகம், வெளியேறும் ஆணையை மதிக்காமல் ஒன்றிரண்டு மாடி வீடுகளில் தங்குவோருக்கு மரணம் நிச்சயமாகலாம் என்று அரசு அறிக்கைகளில் காண முடியாத மொழியில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு, 2010இல், அந்த வகைப் பட்டியலிலிருந்து கடல்நீர் உயரம் பற்றிய குறிப்புகளையே எடுத்துவிட்டு, அது காற்றை மட்டும் அளப்பது என்று ஆக்கினார்கள். கடல்நீர் ஏற்றத்துக்கென்று தனி எச்சரிக்கை 2017 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கடற்கரைக்குக் கடல் ஏறுவது புதிதும் அல்ல. 1900 செப்டம்பர் 8 அன்று கால்வெஸ்டன் தீவின்மேல் கடல் ஏறியபோது, அந்தத் தீவின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்கும் குறைவு. ஆறாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் பேர் வரை இறந்தார்கள்; அமெரிக்க வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைக் கொண்டுபோன இயற்கைப் பேரிடர் இல்லை. அதன் பிறகே அங்கே 17 அடி உயரக் கடற்சுவர் எழுந்தது. தீவின் தரையையே மண்ணிட்டு உயர்த்தினார்கள்.

ஐக்கின்போது கிளியர் லேக் நண்பர் டல்லஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவருடைய மண்டலத்துக்கு ஆணை வந்த அன்று மதியத்துக்குள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வெறும் ஒரு மணி நேரப் பயணம். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் மாவட்டத்தின் நிர்வாகத் தலைவராக இருந்த எட் எம்மெட், கடலோரம் அல்லாதவர்கள் வீட்டிலேயே அடங்கி இருங்கள் என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார், பெரும்பாலானோர் கேட்டார்கள், சாலைகள் ஓடின. எங்கள் பக்கத்து வீட்டு முதியவர், மீன்பிடிப் படகோடு ஓய்வைக் கழிப்பவர், கராஜிலிருந்து பிளைவுட் பலகைகளை எடுத்து வந்து சன்னல்களில் பொருத்தினார். ஒவ்வொரு பலகையிலும் 'சமையலறை, இடது', 'முன்னறை, மேல்' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது; திருகாணிகளுக்கான துளைகள் ஏற்கனவே போட்டிருந்தன; அந்தந்தப் பலகைக்கான திருகாணிகள் ஒரு சிறு பையில் அதன் முதுகிலேயே ஒட்டப்பட்டிருந்தன. தன் வீட்டை முடித்துவிட்டு எங்கள் சன்னல்களுக்கும் அளவெடுத்துக் கொடுத்தார். அன்றிரவு எங்கள் வீட்டில் ஒன்பது பேர். குளியல் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, சாதம் வடித்துத் தயிரும் புளிக்காய்ச்சலும் போட்டுப் பிசைந்து வைத்துவிட்டு, குழந்தைகளை மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையில் மெத்தை போட்டுப் படுக்கவைத்தோம். காற்று இரவெல்லாம் இரைந்தது. வேலி சாய்ந்தது. மறுநாள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் இல்லை. ஆனாலும் பத்திரமாக இருந்தோம். வெகுதூரம் ஓட வேண்டியதில்லை, நீர் வராத மேட்டிலுள்ள உறவினர் வீடோ நண்பர் வீடோ போதும் என்று ஃபுளோரிடாவிலும் இங்கேயும் அதிகாரிகள் இப்போது வற்புறுத்துவது இதைத்தான்.

என் அம்மாவுக்கு இதில் வியப்பே இல்லை. எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அங்கே கரையைக் கடந்தபோது, முன்னதாகவே மாவட்ட நிர்வாகம் தாழ்வான ஊர்களிலிருந்து மக்களைப் பள்ளிக்கூடங்களுக்கும் புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் கொண்டுபோயிருந்தது. அம்மா போன இடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவிலிருந்த கான்கிரீட் கட்டடம். தென்னை மரங்கள் அத்தனையும் போயின, ஓட்டு வீட்டின் கூரை போனது, உயிர் இருந்தது. "கடலுக்கும் உனக்கும் நடுவுல ஒரு மேடும் ஒரு தளமும் இருந்தா போதும்டா, எதுக்கு இருநூறு மைல் ஓடணும்?" என்று ரீட்டாவின் கதையைக் கேட்டபோது அம்மா கேட்டார். காரும் நெடுஞ்சாலையும் இருப்பதால் ஓட்டம் ஒன்றே வழி என்று நினைக்கும் இந்த ஊரைவிட, அம்மாவின் ஊருக்கு இதில் தெளிவு அதிகம்.

ஆணை வந்தும் கிளம்பாதவர்களைப் பற்றி இங்கே சிலர் பேசும் விதம் எனக்கு உடன்பாடில்லை. பிடிவாதக்காரர்கள், முட்டாள்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்று இரவு ஓட்டலில் தங்கி, வெளியே சாப்பிட்டு, இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஆகும் செலவு, வார ஊதியத்தில் வாழ்பவருக்கு அந்த மாத வாடகை. மூடாத கடையில் வேலை செய்பவர் வராவிட்டால் வேலையே போகலாம். வீட்டு நாயை எந்த முகாமும் ஏற்காது என்பதால் தங்கிப்போனவர்கள் கத்ரீனாவின்போது பலர். அதைப் பார்த்த பிறகுதான் வளர்ப்பு விலங்குகளையும் வெளியேற்றத் திட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று 2006இல் சட்டம் வந்தது. போன முறை ஓடிப்போய் ஒன்றும் நடக்காமல் திரும்பியவர்கள் இந்த முறை தயங்குவதும் மனித இயல்பே. அவர்களிடம் பேருந்து எங்கே நிற்கும், நாயை ஏற்றிக்கொள்ளலாமா, எப்போது திரும்பலாம் என்பதைத் தெளிவாகச் சொன்னால் பலர் கிளம்புவார்கள். மாணவர் விசாவில் வந்து, கார்கூட இல்லாமல், தாழ்வான இடத்து மலிவான அடுக்ககத்தில் அறையைப் பகிர்ந்து வாழும் நம் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் அடக்கம். தமிழ்ச் சங்கங்கள் புயல் பருவத்துக்கு முன்பே அவர்களின் பட்டியலை எடுத்து, எந்த வீட்டுக்கு எத்தனை பேர் என்று பேசி வைத்தால், பொங்கல் விழாவைவிடச் சிறந்த தொண்டு அதுவாக இருக்கும்.

இவ்வளவும் கடல்நீரைப் பற்றியது. 2017இல் ஹார்வி வந்தபோது அந்தத் தெளிவெல்லாம் கலங்கிப்போனது. ஆகஸ்ட் 25 இரவு டெக்சஸ் கடற்கரையிலுள்ள ராக்போர்ட் அருகே 4ஆம் வகைப் புயலாகக் கரையேறிய ஹார்வி, அதன் பிறகு நகராமல் நின்று நாள் கணக்கில் எங்கள்மேல் பெய்தது. நெடர்லேண்ட் என்ற ஊரில் பதிவான மழை 60.58 அங்குலம், அமெரிக்காவில் ஒரு புயலில் அதற்கு முன் அவ்வளவு பெய்ததில்லை. புயலுக்கு முன்பு மாநில ஆளுநர் கிரெக் ஆபட், ஆணை இல்லாவிட்டாலும் வெளியேறுவதைப் பரிசீலியுங்கள் என்றார். ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர் வெளியேற்ற ஆணை எதுவும் பிறப்பிக்கவில்லை; வீட்டிலேயே இருங்கள் என்றார். பின்னர் வீடுகள் மூழ்கியபோது மேயரைப் பலரும் ஏசினார்கள். அவர் எடுத்தது சரியான முடிவு என்றே நான் இன்றும் கருதுகிறேன். மழை எந்தத் தெருவை மூழ்கடிக்கும் என்று எந்த வரைபடத்தாலும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல முடியவில்லை. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் பெருநகரப் பகுதியைச் சாலையில் இறக்கியிருந்தால், ரீட்டாவின் நெரிசல்மேல் ஹார்வியின் வெள்ளம் ஏறியிருக்கும். இரண்டடி நீர் பெரும்பாலான கார்களை இழுத்துச் சென்றுவிடும். ஹார்வியால் டெக்சஸில் நேரடியாக இறந்த 68 பேரில் மூவரைத் தவிர மற்ற எல்லோரையும் கொன்றது மழைவெள்ளமே. கடல்நீரால் ஒருவரும் இறக்கவில்லை.

எங்கள் பகுதிக்கு மட்டும் இன்னொரு கணக்கு இருந்தது. ஹூஸ்டன் நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்க 1940களில் கட்டப்பட்ட ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்கள் மேற்கே இருக்கின்றன. மற்ற நாட்களில் அவை பூங்காவும் புல்வெளியுமாக வறண்டு கிடக்கும். அணைக்குப் பின்னால், நிரம்பினால் நீர் நிற்கக்கூடிய இடத்திலும் வீடுகள் கட்டி விற்கப்பட்டிருக்கின்றன என்பது அந்த வீடுகளை வாங்கிய பலருக்கே ஹார்வியின்போதுதான் தெரிந்தது. ஆகஸ்ட் 28 அதிகாலையில் அணைகளை நிர்வகிக்கும் ராணுவப் பொறியாளர் படை மதகுகளைத் திறந்தது. அணைக்குக் கீழே இருந்த பகுதிகளும் மூழ்கின. நான் அந்த நாட்களில் புயலின் கூம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வீடு வாங்கியபோது நிலஅளவையாளர் கொடுத்த உயரச் சான்றிதழை எடுத்து, எங்கள் வீட்டின் தரைத்தளம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று பார்த்து, பார்க்கர் நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் மணிக்கு மணி இணையத்தில் ஏறுவதைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டு எண்களுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்வரை இருப்பது, அது இத்தனை அடிக்குக் கீழே குறைந்தால் பகல் வெளிச்சத்திலேயே கிளம்புவது என்று மனைவியும் நானும் எழுதி வைத்தோம். குறையவில்லை, இருந்தோம். சில தெருக்கள் தள்ளி இருந்தவர்களுக்கு மாவட்டம் கட்டாய ஆணை பிறப்பித்தது. அவர்கள் படகில் வந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் இருந்த வேறுபாடு துணிச்சலோ அறிவோ அல்ல, தரையின் சில அடி உயரம்.

கிளம்புவதா என்ற கேள்வி புயல் கரையேறியதும் முடிந்துவிடுகிறது என்று நான் முன்பு நினைத்ததுண்டு. 2024 ஜூலை 8 அன்று மாடகோர்டா அருகே கரையேறிய பெரில் வெறும் 1ஆம் வகைதான். முதலில் மெக்சிகோவுக்குப் போகும் என்று கணிக்கப்பட்டு, பிறகு மெல்ல வடக்கே திரும்பி எங்களிடம் வந்தது. யாரும் கிளம்பவில்லை, கிளம்பவேண்டிய தேவையும் அநேகருக்கு இல்லை. காலையில் காற்று அடங்கியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிருந்தது, சில இடங்களில் ஒரு வாரத்துக்கு மேலும் வரவில்லை. ஹூஸ்டனின் ஜூலை வெயில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா அப்போது எங்களோடு இருந்தார். எண்பதை நெருங்குகிறார், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை. முதல் நாள் இரவு விசிறிக்கொண்டே விழித்திருந்தார். "எங்க ஊர்ல இல்லாத வெயிலா?" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மறுநாள் மதியம் பேச்சைக் குறைத்துவிட்டார். எங்கள் ஊர் வீட்டில் திண்ணையும் முற்றமும் இருக்கும், காற்று உள்ளே வந்து வெளியே போகும். இங்கே ஏசியை நம்பி மூடிக் கட்டிய பெட்டி வீடு. தோலைத் தொட்டால் சூடாக, வியர்வை இல்லாமல் இருந்தது. அந்த நிமிடமே முடிவு செய்து, பின்னிருக்கையில் படுக்கவைத்து, ஏசியை முழுமையாக வைத்து, முதலில் மருத்துவமனைக்கும், அவர்கள் பார்த்து அனுப்பிய பிறகு சான் அன்டோனியோவிலுள்ள ஓர் ஓட்டலுக்கும் போனோம். சாலை காலியாக இருந்தது.

புயலுக்குப் பிந்தைய இந்த வெளியேற்றத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. 2017இல் இர்மா புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகரத்தில் ஏசி நின்றுபோன முதியோர் இல்லம் ஒன்றில் 12 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். தெருவைக் கடந்தால் மருத்துவமனை. பெரிலுக்குப் பிறகு ஹூஸ்டனிலும் வெப்பத்தால் இறந்தவர்கள் உண்டு. மின்சாரம் இல்லையே என்று கராஜுக்குள் ஜெனரேட்டரை ஓடவிட்டுக் கார்பன் மோனாக்சைடால் மயங்கியவர்களும் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். புயலின்போது இருப்பது என்று முடிவெடுத்தவர், மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் இருக்கலாம், யாருக்காக, எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே போவது என்பதையும் அதோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். காற்று நின்றதும் சாலைகள் யாரையும் மறிப்பதில்லை. அப்போது போவதால் எவருடைய இடத்தையும் நாம் எடுத்துக்கொள்வதில்லை.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. செப்டம்பர் 10ஐ ஒட்டிய வாரங்கள் உச்சம். அம்மாவின் அடுத்த பயணத்துக்கு டிசம்பரில் சீட்டு எடுத்திருக்கிறோம். கிளியர் லேக் நண்பரின் மாமியார் மட்டும் ஆகஸ்டில் வருகிறார். பேத்தி கல்லூரிக்குப் போவதைப் பார்க்க வேண்டும் என்கிறார், அதைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே நண்பரோடு போன வாரம் உட்கார்ந்து பேசி முடித்தோம். அவருடைய மண்டலத்துக்கு ஆணை வரும்வரை மாமியார் காத்திருக்கப் போவதில்லை. கூம்புக்குள் கால்வெஸ்டன் வந்த அன்றே, காற்று தொடங்க இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே, மாத்திரைப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மற்றவர்கள் ஆணை வந்ததும் வருவார்கள். புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓர் இரவுக்கு மேல் மின்சாரம் இல்லையென்றால், எல்லோருமாக இரண்டு கார்களில் சான் அன்டோனியோவுக்குப் போவோம். அதற்கான பெட்ரோலை ஜெனரேட்டருக்கு எடுக்கக் கூடாது என்பதையும் நண்பர் கேட்டு எழுதிக்கொண்டார்.